'1776', 'ஹாமில்டன்' வழியாக அமெரிக்க வரலாறு: எதை நம்பலாம், எதைத் திருத்திச் சொல்ல வேண்டும்?

படிப்பக மேசை:

வணக்கம். நூலக வாசகர் வட்டத்தில் ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், பிராட்வே இசை நாடகங்களை வைத்து அமெரிக்க வரலாறு பேசலாம் என்று திட்டம். வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 'ஹாமில்டன்' பாட்டுகள் பலருக்கு மனப்பாடம், '1776' படத்தைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முந்திய எதையும் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு சந்தேகம். இந்த நாடகங்கள் வரலாற்றை எங்கே மாற்றின, ஏன் மாற்றின என்பது ஒன்று. பிழைப் பட்டியல் இணையத்தில் நிறைய கிடைக்கிறது, காரணம் சொல்வாரைத்தான் காணோம். இன்னொன்று, எதிர்த்திசையில் நாடகம் வரலாற்றை அசைத்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, விளம்பரப் பேச்சா? வகுப்பை நடத்தும் முறை பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

ஆவணப்பூச்சி:

'1776', குடியேற்றங்களின் பேரவையான காங்கிரஸ் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த கதை. அதில் தேதியிலிருந்து தொடங்குங்கள். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நாடகத்தின் முடிவில், ஜூலை 4 அன்று, மணி ஒலிக்க ஒலிக்க உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். நடந்தது வேறு. விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. இனி ஆண்டுதோறும் ஜூலை 2ஐத்தான் நாடே கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதிவிட்டார், பாவம்.

மூன்று தேதிகளை ஒன்றாக்கியது மேடையின் வசதிக்காக. அதில் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது இன்னொரு வரிசை மாற்றம். பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பத்தி ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில் சுமார் 170 சொல். நாடகத்தில் தென் கரோலினாவின் எட்வர்ட் ரட்லெட்ஜ் அதை நீக்கினால்தான் வாக்கு என்று வெளிநடப்புச் செய்கிறார், பத்தி போகிறது, வாக்கு கிடைக்கிறது. அதாவது விடுதலைக்குக் கொடுத்த விலை அந்தப் பத்தி. உண்மையில் ஜூலை 2 அன்று வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் காங்கிரஸ் வாசகத்தை வரிவரியாக வெட்டத் தொடங்கியது. வாக்கு ஏற்கெனவே கையில் இருந்தபோது பத்தியை எடுத்தார்கள். 'வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள்' என்ற ஆறுதலை நாடகம் தருகிறது, காலவரிசை அதைத் தரவில்லை. முதல் நாள் வகுப்புக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் ரட்லெட்ஜ் பாடும் பாட்டின் குற்றச்சாட்டு சரி. வெல்லப்பாகு, ரம், அடிமைகள் என்று சுற்றும் வணிகத்தில் வடக்கத்திக் கப்பல்களுக்கும் பங்கு உண்டு என்கிறது அது. ஜெஃபர்சனே தம் குறிப்பில், தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்ததோடு, வடக்கத்தி நண்பர்களுக்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது என்று எழுதியிருக்கிறார். ஆக, அதே காட்சியில் வரிசை பொய், பாட்டு மெய். தம் அடிமைகளை விடுவிக்க முடிவு செய்துவிட்டதாக அதே காட்சியில் ஜெஃபர்சன் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வாழ்நாளில் 600க்கு மேற்பட்டோரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார், விடுவித்தது மிகச் சிலரை.

வாக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், ஒரு குடியேற்றத்துக்கு ஒரு வாக்கு. ஜூலை 1: ஆதரவு 9, எதிர்ப்பு 2 (பென்சில்வேனியா, தென் கரோலினா), டெலவேர் இரண்டாகப் பிளவு, நியூயார்க் ஒதுங்கல். ஜூலை 2: ஆதரவு 12, நியூயார்க் அன்றும் ஒதுங்கல். பென்சில்வேனியா மாறியது எப்படி? நாடகத்தில் ஜேம்ஸ் வில்சன் என்ற கோழை, 'விடுதலையைத் தடுத்தவன்' என்ற பெயர் வந்துவிடுமே என்று பயந்து கட்சி மாறுகிறார். நிஜ வில்சன் கனமான சட்ட அறிஞர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி. அன்று விடுதலைத் தீர்மானத்தை எதிர்த்த பென்சில்வேனியா உறுப்பினர்கள் டிக்கின்சனும் ராபர்ட் மாரிஸும் அவைக்குள் வராமல் ஒதுங்கிக்கொண்டதால் பென்சில்வேனியா 3க்கு 2 என்று ஆதரவுப் பக்கம் சாய்ந்தது. மேடையில் அத்தனை பேரை நிறுத்தி இதை விளக்க முடியாது. மூன்று பேராகச் சுருக்கி ஒருவரைப் பலிகொடுத்துவிட்டார்கள்.

எந்தப் பிரதி என்பதையும் கவனியுங்கள். நாடகம் மேடையேறியது 1969 மார்ச் 16. பாட்டும் இசையும் ஷெர்மன் எட்வர்ட்ஸ், முன்னாள் வரலாற்று ஆசிரியர். வசனம் பீட்டர் ஸ்டோன். டிக்கின்சன் தலைமையில் சொத்துக்காரர்கள் எப்போதும் வலப்பக்கமாகவே, அதாவது பழமைவாதப் பக்கமாகவே, நடனமிடும் பாட்டு ஒன்று வருகிறது. 1970 பிப்ரவரி 22 அன்று வெள்ளை மாளிகையில் நடித்தபோது, அதை விட்டுவிடச் சொல்லிக் கேட்டார்கள். குழு மறுத்து முழுதாகவே நடித்தது. ஆனால் 1972 படத்தில் தயாரிப்பாளர் ஜாக் வார்னர், அதிபர் நிக்சன் கேட்டுக்கொண்டதற்காக அதை வெட்டிவிட்டார். பல ஆண்டு கழித்துத்தான் மீண்டும் சேர்த்தார்கள். கையில் இருக்கும் பிரதியில் அந்த நடனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். இல்லாத பிரதியைப் போட்டால் 1776 பற்றி மட்டும்தான் பேச முடியும். இருந்தால் 1970 பற்றியும் பேசலாம். போர்க்களத்திலிருந்து வந்த தூதன் செத்துப்போன சிறுவனைப் பற்றிப் பாடும் பாட்டும் அப்படித்தான். 1969இல் அரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு அது வியட்நாமைப் பற்றிய பாட்டு.

தாளக்கட்டு:

'ஹாமில்டன்' பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதை அது, அரசியல் போட்டியாளர் ஏரன் பர் துப்பாக்கிச் சண்டையில் அவரைக் கொன்றது வரை. பிழைகளை இரண்டு குவியலாகப் பிரித்தால் வேலை எளிது.

முதல் குவியல், ஆட்களைக் குறைக்கவும் காலத்தைச் சுருக்கவும் செய்தவை. 1776இல் மதுக்கடையில் ஹாமில்டன், லாரன்ஸ், லஃபாயெட் சந்திப்பது நடக்கவே முடியாதது. மற்ற இருவரும் அமெரிக்கக் கரையில் இறங்கியதே 1777இல். ரேனால்ட்ஸ் விவகாரத்தை (மணமான ஒரு பெண்ணோடு ஹாமில்டனுக்கு இருந்த ரகசிய உறவு) ஹாமில்டனிடம் நேரில் விசாரிக்க 1792 டிசம்பரில் போனவர்கள் மன்ரோ, மூலன்பர்க், வெனபிள். மேடையில் ஜெஃபர்சன், மேடிசன், பர். புதிதாக மூன்று முகங்களை அறிமுகப்படுத்த நேரமில்லை, ஏற்கெனவே தெரிந்த மூவரை அனுப்பிவிட்டார்கள். ஆடம்ஸ் ஹாமில்டனை வேலைநீக்கம் செய்ததாக ஒரு வரி வரும். ஹாமில்டன் 1795 ஜனவரியிலேயே தாமாக விலகிவிட்டார், ஆடம்ஸ் அதிபராகப் பதவியேற்றது 1797.

இரண்டாவது குவியல்தான் வகுப்புக்கு உதவும். கதையின் அர்த்தத்தையே மாற்றியவை அதில் இருக்கின்றன. மேடையில் பர், 1800 அதிபர் தேர்தல் தோல்விக்காகத் துப்பாக்கி எடுக்கிறார். உண்மையில் 1804 நியூயார்க் ஆளுநர் தேர்தலில் பர் தோற்றார், அந்தச் சமயத்தில் ஹாமில்டன் ஒரு விருந்தில் அவரைப் பற்றி இழிவாகப் பேசினார் என்று சார்லஸ் கூப்பர் எழுதிய கடிதம் ஆல்பனி பத்திரிகையில் அச்சானது. அதைத் தொடர்ந்த கடிதப் போக்குவரத்து 1804 ஜூலை 11 காலை வீஹாக்கனில் துப்பாக்கிச் சண்டையில் போய் நின்றது. மகன் பிலிப் செத்தது 1801 நவம்பர், அதாவது தேர்தலுக்குப் பின். நாடகம் அதை முன்னே தள்ளிவிட்டது. துக்கத்திலிருந்து எழுந்து வந்து ஜெஃபர்சனை ஆதரிக்கிறவராக ஹாமில்டனைக் காட்டுவதற்கு அந்த வரிசை தேவைப்பட்டது.

ஹாமில்டனின் மனைவிக்கு அக்காவான ஏஞ்சலிகா ஸ்கைலர் விஷயமும் அப்படியே. தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை, மூத்தவள் நான்தான் பணக்காரனைக் கட்ட வேண்டும் என்று பாடுகிறார். தகப்பன் ஸ்கைலருக்கு மகன்கள் இருந்தார்கள். ஏஞ்சலிகாவுக்கோ 1777இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. ஹாமில்டனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்த தியாகம் முழுக்க நாடகத்தின் கற்பனை. ஆனால் அந்தக் காற்புள்ளி கற்பனை இல்லை! மேடையில் ஹாமில்டனின் கடிதத்தில் 'அன்பான' என்பதற்குப் பின் விழுந்த காற்புள்ளியை ஏஞ்சலிகா பிடித்துக்கொள்கிறார். நிஜத்தில் 1787இல் காற்புள்ளியை இடம் மாற்றி வைத்தது ஏஞ்சலிகா, அதைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்தது ஹாமில்டன். டிசம்பர் 6 தேதியிட்ட அவருடைய பதிலில், தானும் முடிவில் 'அன்பான' என்பதற்கும் 'சகோதரி' என்பதற்கும் நடுவே பிரெஞ்சில் ஒரு காற்புள்ளியைச் செருகியிருக்கிறார்.

இதையெல்லாம் சரிபார்க்க அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளம் இலவசம். அனுப்பியவர், பெற்றவர், தேதி கொடுத்துத் தேடினால் கடிதம் அப்படியே வரும், அடிக்குறிப்போடு. மாணவர்களிடம் அந்தக் காற்புள்ளிக் கடிதத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். மூலத்தைத் தேடும் பழக்கத்துக்கு இதைவிட ருசியான பயிற்சி கிடைக்காது.

ஒரு பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின, லத்தீன நடிகர்கள் வாஷிங்டனாகவும் ஜெஃபர்சனாகவும் நிற்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நிஜமாக வாழ்ந்த கறுப்பர் எவருக்கும் அதில் பெயர் சொல்லும்படி ஒரு பாத்திரம் இல்லை. ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் ஒரு வரியில் வந்து போகிறார், அவ்வளவுதான். வரலாற்றாசிரியர் லைரா மாண்டெய்ரோ 2016இல் வைத்த விமர்சனத்தின் சாரம் இதுதான். ஹாமில்டனை அடிமை ஒழிப்புப் போராளியாகக் காட்டுவதும் தடுமாறுகிறது. நியூயார்க் அடிமை விடுவிப்புச் சங்கத்தில் அவர் இருந்தது உண்மை. மாமனார் வீடு அடிமைகள் நிறைந்த வீடு என்பதும் உண்மை. ஆல்பனியில் அந்த வீடே இப்போது அருங்காட்சியகம். ஹாமில்டன் தாமே அடிமைகளை வாங்கி வைத்திருந்தார் என்று கணக்குப் புத்தகங்களைக் காட்டி வாதிடும் ஆய்வை அந்த அருங்காட்சியகத்தார் 2020இல் வெளியிட்டார்கள்.

எதிர்த்திசைக்கு உதாரணம் 10 டாலர் நோட்டு. ஹாமில்டன் இருக்கும் அந்த நோட்டில் ஒரு பெண்ணின் படம் வரும் என்று 2015 ஜூனில் நிதியமைச்சர் ஜேக் லூ அறிவித்தார். ஆகஸ்ட் 6 அன்று நாடகம் பிராட்வேக்கு வந்தது. 2016 ஏப்ரலில் முடிவு மாறியது: 10இல் ஹாமில்டனே இருப்பார், அடிமைகள் தப்ப உதவிய கறுப்பினப் பெண் ஹேரியட் டப்மன் 20 டாலர் நோட்டுக்குப் போவார். நாடகம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல வேண்டாம், 20இல் இருக்கும் ஆண்ட்ரூ ஜாக்சனை எடுக்க வேண்டும் என்ற குரல் முன்பே இருந்தது. டப்மன் நோட்டு இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

நதியோரம்:

இரண்டு பேரும் நாட்டை நிறுவிய தலைவர்களையே சுற்றி வருகிறீர்கள். நாடகம் வரலாற்றைத் தொட்டதா என்று கேட்டால், நோட்டெல்லாம் சில்லறை விஷயம். 'ஜிம் க்ரோ' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1830 வாக்கில் டி. டி. ரைஸ் என்ற வெள்ளை நடிகர் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பரைக் கேலி செய்து ஆடிப் பாடிய பாத்திரத்தின் பெயர் அது. அந்த மின்ஸ்ட்ரல் மேடை அமெரிக்க இசை நாடகத்தின் வேர்களில் ஒன்று. அரை நூற்றாண்டு கழித்துத் தென் மாநிலங்களில் நிறம் பார்த்து ரயில் பெட்டியையும் பள்ளியையும் பிரித்த சட்டங்களுக்கு ஊர் வைத்த பெயரும் அதுவே. ஒரு மேடைக் கோமாளியின் பெயர் ஒரு சட்ட ஒழுங்குக்கே பெயரானது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு சனிக்கிழமை முழுக்க 'ஷோ போட்' வையுங்கள். 1927 டிசம்பர் 27, சீக்ஃபெல்ட் அரங்கம், ஜெரோம் கெர்ன் இசை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாட்டும் வசனமும். மிசிசிப்பி ஆற்றில் மிதக்கும் நாடகப் படகு. படகின் முன்னணி நடிகை ஜூலி வெள்ளைக்காரியாக வாழ்கிறாள், தாய்வழியில் கறுப்பு ரத்தம். கணவன் ஸ்டீவ் வெள்ளைக்காரன். கலப்புத் திருமணம் குற்றம் என்று ஷெரீஃப் வருகிறார். அவர் வருவதற்குள் ஸ்டீவ் கத்தியால் ஜூலியின் விரலைக் கீறி ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறான். 'என் உடம்பிலும் கறுப்பு ரத்தம் இருக்கிறது' என்று சத்தியம் செய்ய அது போதும். ஒரு சொட்டு இருந்தாலும் கறுப்பர் என்ற சட்டத்தை ஒரு சொட்டால் மடக்கும் காட்சி. அந்தத் திருமணத் தடைச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் ரத்து செய்தது 1967இல், நாடகம் வந்து 40 ஆண்டு கழித்து.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் தொடக்கக் குழுப்பாட்டின் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் கறுப்பரை இழிக்கும் மோசமான சொல்லே அங்கு இருந்தது. 1936 படத்தில் 'கரியவர்கள்' என்பது போன்ற, கொஞ்சம் மட்டுப்பட்ட இழிசொல். 1946 மறுமேடையேற்றத்தில் 'நிறத்தவர்கள்'. பிறகு 'இங்கே நாமெல்லாரும் உழைக்கிறோம்' என்ற பொருளில், நிறமே இல்லாத வரி. ஒரே மெட்டு, ஒரே அசைக்கணக்கு, நான்கு சொல். இருபதாம் நூற்றாண்டு இன உறவுக்கு அட்டவணை போட்டால் இதைவிடச் சுருக்கமாகப் போட முடியாது. கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் கச்சேரிகளில் இதே நாடகத்தின் ஆற்றுப் பாட்டின் முடிவையே மாற்றிவிட்டார். வாழ அலுத்துப்போச்சு, சாகவும் பயம் என்ற இடத்தில், சாகும்வரை போராடுவேன் என்று பாடினார்.

1936 படத்தையே காட்டுங்கள். 1951 வண்ணப்படத்தில் கறுப்பர் பாத்திரங்கள் மிகவும் ஒடுங்கிவிட்டன. ஒரு எச்சரிக்கை: 1936இல் நாயகி மாக்னோலியா முகத்தில் கரி பூசி ஆடும் பாட்டு ஒன்று உண்டு. முன்கூட்டி விளக்காமல் போட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் எழுந்து போவார்கள், மீதி நேரம் அதிலேயே போய்விடும்.

ஆர்தர் மன்னர் கதையைச் சொல்லும் 'கேம்லாட்' பற்றிப் பலர் பேசுவார்கள். கென்னடி ஆட்சிக்கு அந்தப் பெயர் ஒட்டியது அவர் கொல்லப்பட்ட பிறகு. கணவர் இரவில் அந்த நாடகத்தின் இசைத்தட்டைக் கேட்பார் என்று ஜாக்குலின் கென்னடி பத்திரிகையாளர் தியடோர் ஒயிட்டிடம் சொல்ல, 1963 டிசம்பர் 6 'லைஃப்' இதழில் அது வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள்.

படிப்பக மேசை:

நன்றி. 'ஷோ போட்' பட்டியலிலேயே இல்லை, இப்போது முதலில் வைக்கத் தோன்றுகிறது. 90 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? முழுப் படமும் திரையிடலாமா?

கரும்பலகை:

முழுப் படம் வேண்டாம். நேரம் போதாது. தவிர, ஸ்ட்ரீமிங் தளங்களின் வீட்டுச் சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. ஒரு அமர்வுக்கு ஒரு பாட்டு, ஒரு ஆவணம். அதற்கு மேல் எடுத்தால் இரண்டும் மேலோட்டமாகத்தான் போகும்.

எல்லோரும் செய்யும் தவறு பாட்டை முதலில் போடுவது. மெட்டோடு கேட்டது மனதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சொல்லும் திருத்தம் ஒட்டாது. ஆவணம் முன்னால், பாட்டு பின்னால். முதல் 10 நிமிடம் பின்னணி. அடுத்த 30 நிமிடம் நாலு நாலு பேராக உட்கார்ந்து ஆவணத்தைப் படிக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பிறகு பாட்டு இரண்டு முறை, முதல் தடவை வெறுமனே, இரண்டாம் தடவை அச்சிட்ட வரிகளோடு. அதற்கு 15 நிமிடம். மிச்சமெல்லாம் பேச்சு. பலகையில் இரண்டு ஆண்டு எப்போதும் இருக்கட்டும்: கதை நடக்கும் ஆண்டு, மேடையேறிய ஆண்டு.

'ஒக்லஹோமா!' எடுத்தால் 1906, 1943. கதை நடப்பது கிளேர்மோர், அன்று அது செரோக்கி என்ற பூர்வகுடியினரின் தேசத்துக்குள், இந்தியர் பிரதேசத்தில் ('இந்தியர்' என்றால் இங்கே அமெரிக்கப் பூர்வகுடிகள்). மேடையில் ஒரு பூர்வகுடி கூட இல்லை, விவசாயிக்கும் மாடுமேய்ப்பவனுக்கும்தான் சண்டை. மூல நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ் செரோக்கி வழிவந்தவர், அந்த ஊர்ப்பக்கம் பிறந்தவர். அவருடைய நாடகத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் உடம்பில் ஓடும் இந்திய ரத்தத்தைச் சொல்லிக்கொள்ளும் இடம் உண்டு. ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் கைக்கு வந்தபோது அது காணாமல் போனது.

ஆவணமாக 1905 சீக்வோயா மாநில முயற்சியைக் கொடுங்கள். இந்தியர் பிரதேசத்தைத் தனி மாநிலமாக்க மஸ்கோகியில் கூடி அரசியலமைப்பே எழுதினார்கள், வாக்கெடுப்பிலும் வென்றார்கள். வாஷிங்டன் ஏற்கவில்லை. 1907 நவம்பர் 16 அன்று இந்தியர் பிரதேசத்தையும் பக்கத்து ஒக்லஹோமா பிரதேசத்தையும் சேர்த்து ஒக்லஹோமா 46ஆவது மாநிலமானது. இதைப் படித்துவிட்டு, புது மாநிலத்தைக் கொண்டாடி நிலத்தோடு உறவு சொல்லும் அந்தத் தலைப்புப் பாட்டைக் கேட்டால் வேறு மாதிரி காதில் விழும். போர் நடக்கும் 1943இல் அது நாட்டுப்பற்றுப் பாட்டு. 1953இல் சட்டப்படி மாநிலப் பாட்டாகவும் ஆகிவிட்டது.

கடைசி வாரத்துக்கு 1937 ஜூன் 16 நல்லது. அரசுப் பணத்தில் இயங்கிய ஃபெடரல் தியேட்டர் திட்டத்துக்காக மார்க் பிளிட்ஸ்டைன் எழுதிய, தொழிற்சங்கம் பற்றிய இசை நாடகம் 'தி க்ரேடில் வில் ராக்' அரங்கேற இருந்த நாள். செலவுக் குறைப்பு என்று சொல்லிப் புதிய நாடகங்களை நிறுத்தி அரங்கைப் பூட்டிவிட்டார்கள். இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் தயாரிப்பாளர் ஹவுஸ்மனும் வேறு அரங்கம் பிடித்தார்கள், கூட்டம் சுமார் இருபது தெரு நடந்தே போய்ச் சேர்ந்தது. நடிகர்கள் மேடையேற நடிகர் சங்கத்தின் தடை. பிளிட்ஸ்டைன் தனியாக மேடையில் பியானோ வாசித்துப் பாடத் தொடங்க, பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருந்த ஆலிவ் ஸ்டாண்டன் எழுந்து தன் பாட்டை எடுத்துப் பாடினார். பிறகு மற்றவர்களும் அங்கங்கே எழுந்தார்கள். சங்க விதி மேடையைத்தான் சொன்னது, நாற்காலியைச் சொல்லவில்லை. இதை வகுப்பில் நடித்தே காட்டலாம். நாலு பேரை முன்கூட்டி இருக்கைகளில் பரப்பி உட்காரவைத்தால் போதும், செலவு ஒன்றும் இல்லை.

ஆவணப்பூச்சி:

ஒரு சேர்க்கை. '1776' முதலில் ஓடிய 46ஆவது தெரு அரங்கத்துக்கு 1990இல் பெயர் மாற்றினார்கள். இப்போது அது ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கம், 'ஒக்லஹோமா!'வுக்கு இசையமைத்தவரின் பெயர். 'ஹாமில்டன்' ஓடுவதும் அங்கேதான். 2022 மறுமேடையேற்றத்தில் '1776'இன் பாத்திரங்களில் ஆண்கள் யாரும் நடிக்கவில்லை, பெண்களும் திருநரும் பாலின அடையாளம் கடந்தவர்களும் மட்டுமே. 1969இன் ஒலிப்பதிவோடு அதிலிருந்து ரட்லெட்ஜின் பாட்டு கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்படிச் செய்தால் பலகையில் மூன்றாவது ஆண்டும் எழுத வேண்டியிருக்கும்.